கிதாரின் கரகரப்பும் காதின் கணக்கும்



இன்னைக்கு இசை வரலாறும் மருத்துவமும் கலந்த ஒரு நீண்ட த்ரெட். கிதார் வாசிக்கத் தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம். உங்ககிட்ட ஒரு ஹெட்போன் இருந்தா போதும், இது உங்களுக்கான பதிவுதான்.

ராக் பாட்டுகள்ல எலெக்ட்ரிக் கிதார் "கர்ர்ர்"னு உறுமுமே, கேட்டிருப்பீங்க. அந்த உறுமலுக்குப் பெயர் டிஸ்டார்ஷன். அது பிறந்தது ரிப்பேரான கருவிகளில் இருந்து. வளர்ந்தது அளவு மீறிய சத்தத்தில். உறுமலை மட்டும் வைத்துக்கொண்டு சத்தத்தைக் கழற்றி விடுவதற்கான வழிகள் ஒவ்வொன்றாக வந்து சேர முப்பது வருஷம் ஆச்சு. அதற்குள் பல கலைஞர்களுடைய காது கெட்டுப் போச்சு.

அந்தக் கதைதான் இது.

முதல்ல ஒரு சின்ன அறிவியல்.

ஒலி என்பது அலை. ஏறும், இறங்கும். ஆம்ப்ளிஃபையரின் வேலை சின்ன அலையைப் பெரிய அலையாக்கித் தருவது. ஆனால் எந்த ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரு கூரை உண்டு. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சாதாரண கருவியால் 9 வோல்ட்டைத் தாண்டிய அலையைத் தர முடியாது. அதற்கு மேல் தள்ளினால் என்ன ஆகும்? அலையின் உச்சி கூரையில் முட்டித் தட்டையாகிவிடும். கத்தரிக்கோலால் உச்சியை நறுக்கின மாதிரி. இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம்.

உச்சி தட்டையானால், மூல ஒலியில் இல்லாத புது அதிர்வெண்கள் பிறக்கும். மேலும் கீழும் சமமாக வெட்டினால் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு என ஒற்றைப்படை அதிர்வுகள் வரும். ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு என்று வெட்டினால் இரட்டைப்படையும் சேர்ந்து வரும். நம்ம காதில் இதெல்லாம் சேர்ந்து "கரகர"ன்னு விழும்.

குழாய் ஸ்பீக்கரில் ஒருத்தர் மைக்கை வாயோடு ஒட்டி வச்சுக் கத்தினா வருமே, அதேதான். அங்கே அது கோளாறு. கிதாரில் மட்டும் அது கலையாகிவிட்டது. எப்படி?

1951, மார்ச் மாதம். மிசிசிப்பியில் இருந்து ஐக் டர்னரின் இசைக்குழு காரில் மெம்ஃபிஸ் நகரத்துக்குக் கிளம்புது. சாம் ஃபிலிப்ஸ் என்பவரின் ஸ்டுடியோவில் 'ராக்கெட் 88' என்ற பாட்டைப் பதிவு செய்யணும். வழியில் கிதார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப் அடிபட்டுவிட்டது. கார்ல இருந்து விழுந்ததுன்னு சிலர் சொல்வார்கள், மழையில் நனைஞ்சதுன்னு சிலர் சொல்வார்கள்.

வேறு ஆம்ப் கிடையாது. ஃபிலிப்ஸ் கிழிந்த ஸ்பீக்கர் கூம்புக்குள் காகிதத்தைத் திணித்தார். வந்த ஒலி கரகரன்னு இருந்தது. நல்லாத்தான் இருக்குன்னு அப்படியே பதிவு பண்ணிட்டார். பாட்டு செம ஹிட். ராக் அண்ட் ரோலின் முதல் பாட்டு இதுதான்னு இன்னைக்கும் வாதாடுபவர்கள் உண்டு.

அதற்கப்புறம் ரிப்பேருக்காக யாரும் காத்திருக்கல. தாங்களே ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சாங்க.

1958ல் லிங்க் ரே தன் ஆம்ப்பின் ஸ்பீக்கரில் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டார். பிறந்தது 'ரம்பிள்'. பாட்டில் ஒரு வார்த்தைகூட கிடையாது, வெறும் இசை மட்டும்தான். ஆனாலும் இது இளைஞர்களை அடிதடிக்குத் தூண்டும்னு அமெரிக்காவில் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்துவிட்டன.

1964ல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். சின்னதா ஒரு எல்பிகோ ஆம்ப். அதன் ஸ்பீக்கரைச் சவர பிளேடால் கிழித்தார். 'யூ ரியலி காட் மீ' பாட்டின் உறுமல் அதுதான்.

இந்த மூன்று கதைகளிலும் ஒன்றைக் கவனியுங்க. ஆம்ப் எல்லாமே சின்னது. உறுமல் பெருசு. அதாவது உறுமலுக்கு அசுர சத்தம் தேவையே இல்லை. இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

இடையில் நாஷ்வில் நகரத்தில் இன்னொரு கோளாறு நடந்தது.

மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் வொரி' என்ற பாட்டின் பதிவு. கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார், ஒலிப்பதிவு மேசையின் பழுதான ஒரு சேனல் வழியாகப் போய் கரகரன்னு பதிவாகிவிட்டது. பேசிப் பார்த்து, அதை அப்படியே விட்டார்கள். 1961ல் பாட்டு வெளிவந்து கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அந்த ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி ஒரு கேள்வி கேட்டார். பழுதான மேசையை ஊர் ஊரா தூக்கிட்டுப் போக முடியாது. அந்தப் பழுதை மட்டும் ஒரு பெட்டிக்குள் அடைக்க முடியுமா?

ரெவிஸ் ஹாப்ஸ் என்பவரோடு சேர்ந்து டிரான்சிஸ்டர் வைத்து ஒரு சர்க்யூட் செய்தார். கிப்சன் நிறுவனம் அதை வாங்கி 1962ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. காலால் மிதித்தால் கரகரப்பு. மறுபடி மிதித்தால் சுத்தமான ஒலி. பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் ஃபஸ் பெடல் இதுதான்.

வேடிக்கை என்னன்னா, இதை வாங்க ஆள் இல்லை. "இதை வச்சு கிதாரில் டிரம்பெட், டியூபா மாதிரி வாசிக்கலாம்"னு விளம்பரம் செய்தார்கள். கடைகளில் தூசி படிந்து கிடந்தது.

1965 மே மாதம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டுக்கு இந்தப் பெடலை மிதித்தார். பின்னாடி அந்த இடத்தில் ஊதுகருவிகளைச் சேர்ப்பதாகத்தான் அவருடைய திட்டம். இது வெறும் மாதிரி. ஆனால் மாதிரியே பாட்டாக வெளிவந்து உலகம் முழுக்க ஓடியது. கடையில் தூங்கிக் கிடந்த பெடல்கள் காலியாகின.

சரி, பெட்டியில் அடைச்சாச்சு. பிரச்சனை அதோட தீர்ந்திருக்கணும் இல்லையா? தீரல. ஏன்னா அதே வருஷம் இன்னொரு கதை ஓடிக்கிட்டிருந்தது.

1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷியா ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் கச்சேரி. 55,000 பேருக்கு மேல் கூட்டம். வாக்ஸ் நிறுவனம் இதற்காகவே 100 வாட் ஆம்ப்கள் கொடுத்திருந்தது. ஆனாலும் ரசிகர்களின் அலறலில் மேடையில் இருந்தவர்களுக்கே தாங்கள் வாசிப்பது சரியாகக் கேட்கவில்லை. இன்றைக்குள்ள மாதிரி பெரிய மேடை ஒலி அமைப்புகள் அப்போது கிடையாது. கிதார் ஆம்ப்பில் இருந்து நேரடியாக வருவதுதான் கூட்டத்துக்குக் கேட்கும்.

லண்டனில் ஜிம் மார்ஷல் என்று ஒரு டிரம்ஸ் ஆசிரியர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். தன் குழுவினரோடு அவர் செய்த ஆம்ப்கள் பிரபலமாக ஆரம்பித்திருந்தன. 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் அவரிடம் போய் "இன்னும் சத்தம் வேணும்" என்றார். வந்தது 100 வாட் மார்ஷல். கூடவே நான்கு நான்கு ஸ்பீக்கர் கொண்ட இரண்டு பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று. ஆளுயரத்துக்கு நின்ற அந்த அடுக்குதான் 'மார்ஷல் ஸ்டாக்'.

இங்கேதான் பொறி இருக்கு.

அந்தக் காலத்து ஆம்ப் எல்லாம் வால்வு ஆம்ப். பழைய வால்வு ரேடியோவில் கண்ணாடிக் குழல் சிவப்பா ஒளிருமே, அதே வால்வு. வால்வு ஆம்ப்பைக் கூரை முட்டும் வரை தள்ளும்போது கிடைக்கும் கிளிப்பிங் ரொம்ப இதமா இருக்கும். மெதுவா வாசிச்சா சுத்தம், அழுத்தி வாசிச்சா உறுமல். விரலுக்கு அப்படியே பதில் சொல்லும்.

ஆனால் அந்த நிலைக்குக் கொண்டுவர வால்யூமைக் கிட்டத்தட்ட முழுசா திருப்பணும். 100 வாட் ஆம்ப்பில் முழுசா திருப்பினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

1966ல் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் ஆல்பத்துக்கு எரிக் கிளாப்டன் ஸ்டுடியோவுக்குள் வந்து, மேடையில் வைக்கும் அதே சத்தத்தில்தான் ஆம்ப்பை வைப்பேன் என்று அடம்பிடித்தார். ஒலிப்பதிவாளர்கள் திகைத்தார்கள். அப்படிச் சத்தமாக யாரும் அங்கே பதிவு செய்ததில்லை. ஆனால் கிடைத்த கிதார் ஒலியை எத்தனையோ தலைமுறைகள் நகல் எடுத்தன.

நல்ல டோன் வேணுமா, சத்தமா வை. இதுதான் அன்றைய வேதம்.

அந்த வேதத்தின் உச்சம் 1976 மே 31. லண்டன் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் தி ஹூ கச்சேரி. மேடையில் இருந்து 32 மீட்டர் தள்ளி அளந்தபோது 126 டெசிபல். உலகின் மிகச் சத்தமான கச்சேரி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. காதுக்குக் கேடு செய்வதை ஊக்குவிக்க வேண்டாம் என்று பின்னாளில் கின்னஸ் அந்தப் போட்டியையே கைவிட்டது.

இப்போ டாக்டர் வேலைக்கு வரேன்.

நம்ம உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கு. பெயர் காக்ளியா. அளவு ஒரு பட்டாணி. அதற்குள் சுமார் 15,000 முடிச்செல்கள். ஒலி அலை வந்தால் இவற்றின் முனையில் உள்ள நுண்ணிழைகள் அசையும், அசைவு மின்சாரமாகும், நரம்பு வழியாக மூளைக்குப் போகும்.

இந்தச் செல்களில் பெரும்பகுதி ஒரு தானியங்கி வால்யூம் கண்ட்ரோல். மெல்லிய ஒலியைப் பெருக்கும், பெரிய ஒலியை அவ்வளவாகப் பெருக்காது. நடுக்காதில் ஒரு குட்டித் தசையும் இருக்கு. பெரிய சத்தம் வந்தால் இறுகி, உள்ளே போகும் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அது இறுகக் கொஞ்ச நேரம் எடுக்கும். தொடர்ந்து சத்தம் வந்தால் களைத்தும் போகும்.

ஆக, ஆம்ப்புக்கு இருக்கிற மாதிரியே காதுக்கும் ஒரு கூரை இருக்கு.

வித்தியாசம் என்ன? ஆம்ப்பில் வால்வு போனால் புதுசு மாத்தலாம். ஸ்பீக்கர் கிழிஞ்சா கூம்பை மாத்தலாம். முடிச்செல் செத்தால் செத்ததுதான். பறவைகளுக்கும் மீன்களுக்கும் அது மறுபடி முளைக்கும். மனுஷனுக்கு முளைக்காது.

ஒரு கணக்கு போடுவோமா?

அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனத்தின் பரிந்துரை இது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி நேரம். 91க்கு 2 மணி நேரம். 94க்கு 1 மணி நேரம். 97க்கு அரை மணி. 100க்கு வெறும் 15 நிமிஷம்.

கிதார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, வெறும் 1 வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 97 டெசிபல் தரும். ஒரே ஒரு வாட். அதற்கே கெடு அரை மணி நேரம்தான்.

100 வாட் கொடுத்தால்? பவர் 10 மடங்கு கூடினால் 10 டெசிபல் ஏறும். 100 மடங்கு என்றால் 20 டெசிபல். ஆக 117. அந்த அளவுக்கு நியோஷ் கணக்குப்படி அனுமதிக்கும் நேரம் ஏறக்குறைய 18 விநாடி.

ஒரு பாட்டின் முன்னிசை முடியறதுக்குள்ள அன்றைய கோட்டா காலி!

பீட் டவுன்ஷெண்ட் தன் கேள்விக்குறைபாட்டைப் பற்றியும் காது இரைச்சலைப் பற்றியும் பல வருஷமா வெளிப்படையாகப் பேசிவருகிறார். அவர் மேடையைவிட அதிகமாகக் குறை சொல்வது ஸ்டுடியோவில் சத்தமாக வைத்துக் கேட்ட ஹெட்போனைத்தான். இந்த வரியை இன்னொரு தடவை படிங்க. 2018ல் எரிக் கிளாப்டனும் தனக்கு டினிட்டஸ், அதாவது ஓயாத காது இரைச்சல் இருப்பதைச் சொன்னார்.

"கச்சேரி முடிஞ்சு வந்தா ராத்திரி முழுக்க ஙொய்ங்ங்னு இருக்கும் டாக்டர், காலைல சரியாயிடும்" என்று நிறைய பேர் சொல்வார்கள். சரியாயிடுச்சுன்னு நாம நினைக்கிறோம். 2009ல் ஷாரன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் சுண்டெலிகளை 2 மணி நேரம் பெரும் சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் கேட்கும் திறன் சோதனையில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் உள்ளே முடிச்செல்லுக்கும் நரம்புக்கும் உள்ள இணைப்புகள் நிரந்தரமாக அறுந்திருந்தன. பாதிக்கப்பட்ட பகுதியில் கிட்டத்தட்ட பாதி. சோதனையில் நார்மல், உள்ளே நஷ்டம்.

சரி, சத்தத்தில் இருந்து உறுமலைப் பிரிக்கும் வேலை என்ன ஆச்சு?

நடந்தது. மெல்ல மெல்ல நடந்தது.

முதல் வழி, பெடலுக்குள்ளேயே கிளிப்பிங். டயோடு என்ற சின்னப் பாகம் இதற்கு உதவியது. ஜெர்மானியம் டயோடு சுமார் 0.3 வோல்ட்டிலும், சிலிக்கான் டயோடு சுமார் 0.6 வோல்ட்டிலும் அலையின் தலையை வெட்டும். 100 வாட்டில் நடந்த வேலை அரை வோல்ட்டில் முடிஞ்சது. 1970களின் கடைசியில் ஜப்பானில் இருந்து பாஸ் நிறுவனத்தின் ஓடி-1, டிஎஸ்-1, ஐபனேஸின் டியூப் ஸ்க்ரீமர் என்று வரிசையாக வந்தன. இன்னைக்கும் மேடைகளில் கிதார் கலைஞர்களின் காலடியில் இவற்றின் வாரிசுகளைப் பார்க்கலாம்.

இரண்டாவது வழி, ஆம்ப்பிலேயே இரண்டு குமிழ். 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் செய்த மெசா பூகி ஆம்ப்கள் இதைப் பிரபலமாக்கின. 1975ல் மார்ஷலும் மாஸ்டர் வால்யூம் ஆம்ப்பைக் கொண்டு வந்தது. மொட்டைமாடித் தண்ணித் தொட்டியை நினைச்சுக்கோங்க. தொட்டி நிரம்பி வழியட்டும், பரவாயில்லை. வீட்டுக்குள் வரும் குழாயை எவ்வளவு திறக்கிறீங்களோ அவ்வளவுதான் தண்ணி. முதல் குமிழ் தொட்டியை வழிய விடும், அது கெய்ன். இரண்டாவது குமிழ் குழாய், அது மாஸ்டர் வால்யூம்.

மூன்றாவது, டாம் ஷோல்ஸ். எம்ஐடியில் படித்து போலராய்டு கேமரா நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். 'பாஸ்டன்' என்ற ராக் குழுவைத் தொடங்கியவர். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அமர்ந்து சக்தியை உறிஞ்சிக்கொள்ளும் 'பவர் சோக்' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1982ல் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் 'ராக்மேன்'. ஹெட்போனைச் செருகினால் ஸ்டேடியத்து உறுமல் உங்களுக்கு மட்டும் கேட்கும். 1998ல் லைன் 6 நிறுவனத்தின் 'பாட்' வந்தது. பழைய ஆம்ப்களை கம்ப்யூட்டர் கணக்கால் போலச் செய்யும் சிவப்புப் பெட்டி. வடிவம் அச்சு அசல் கிட்னி. டாக்டருக்குப் பிடிக்காம போகுமா!

ஆக, இன்னைக்கு ராக் கச்சேரியின் உறுமலைப் படுக்கையறையில் பக்கத்து அறைக்குக் கேட்காமல் வாசிக்கலாம். பிரச்சனை முடிஞ்சுதா?

இங்கேதான் காது நம்மை ஏமாத்துது.

1933ல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் ஒன்றை அளந்து காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்கு அடித்தொனியும் உச்சத்தொனியும் சரியாகக் கேட்காது. சத்தத்தைக் கூட்டினால் எல்லாமே நிறைவாகக் கேட்கும். அதனால் இரண்டு ஒலியில் எது கொஞ்சம் சத்தமோ அதுதான் நல்லா இருக்குன்னு மூளை தீர்ப்பு சொல்லிடும்.

இன்னொன்னு. கிளிப் ஆன ஒலியில் உச்சியும் சராசரியும் நெருங்கிவிடும். ஒரே உச்சி உயரத்தில், வழுவழுப்பான சைன் அலையைவிட முழுக்கத் தட்டையான சதுர அலைக்கு இரண்டு மடங்கு பவர். மீட்டரில் அதே உச்சி, காதுக்குள் போவதோ இரண்டு மடங்கு. டெசிபலில் 3. அதாவது பாதுகாப்பான நேரம் பாதியாச்சு.

2008ல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வந்தபோது ரசிகர்களே கொதித்தார்கள். சத்தத்துக்காக மொத்தப் பாட்டையும் கிளிப் ஆகும்வரை தள்ளியிருந்தார்கள். கிதார் ஹீரோ வீடியோ கேமில் வந்த அதே பாட்டுகள் தெளிவாக இருந்தன. கிதார் உறுமினால் கலை. அதே உறுமல் டிரம்ஸ், குரல் எல்லாவற்றின் மேலும் ஏறினால் பழைய கோளாறுதான்.

எனவே கிதார் வாசிக்கும் தம்பி தங்கைகளுக்கு:

1. பெடலை மிதிச்சாலும் மிதிக்காட்டாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி அதன் லெவல் குமிழை வையுங்க. தொனி மாறட்டும், சத்தம் மாற வேண்டாம்.

2. கிளிப்பிங்குக்கு முன்னாடி பூஸ்டர் வச்சா உறுமல்தான் கூடும், சத்தம் பெருசா கூடாது. பின்னாடி வச்சா சத்தம் கூடும். சோலோவுக்கு எது வேணும்னு முடிவு பண்ணிட்டு இடம் கொடுங்க.

3. ஃபஸ் பெடலை எப்பவும் முழு மூச்சில் வைக்கணும்னு இல்ல. ஹெண்ட்ரிக்ஸ் கிதாரில் உள்ள வால்யூம் குமிழைக் குறைத்தே ஃபஸ் ஃபேஸ் பெடலின் கரகரப்பைத் தெளிய வைப்பார்.

4. கம்ப்யூட்டரில் பதிவு செய்யும்போது சிவப்பு விளக்கு எரிய விடாதீங்க. டிஜிட்டலில் 0 என்பது கான்கிரீட் கூரை. வால்வு மாதிரி இதமா வளையாது. உச்சி மைனஸ் 10 பக்கத்தில் நின்றாலே தாராளம்.

5. ஒத்திகைக்கும் மேடைக்கும் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்குங்க. 1988ல் எடிமோட்டிக் நிறுவனம் எல்லா அதிர்வெண்களையும் ஏறக்குறைய சமமாக 15 டெசிபல் குறைக்கும் அடைப்பானைக் கொண்டு வந்தது. கணக்கு போட்டுப் பாருங்க. 100 டெசிபலுக்கு 15 நிமிஷம். 15 கழிச்சா 85. இப்போ 8 மணி நேரம்.

கிதார் தொடாத மற்றவர்களுக்கு: ஹெட்போனில் வால்யூமைக் கூட்டும் முன் ஒரு நொடி யோசிங்க. பாட்டு நல்லா இல்லையா, இல்ல சத்தம் பத்தலையா? வெளிச்சத்தம்தான் காரணம்னா அமைதியான இடத்துக்குப் போங்க, இல்லைன்னா வெளிச்சத்தத்தை அடைக்கும் ஹெட்போனுக்கு மாறுங்க.

கச்சேரிக்குப் போயிட்டு வந்து மறுநாளும் இரைச்சலோ மந்தமோ இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. ஒரு காது திடீர்னு கேட்காமல் போனால் அன்னைக்கே போங்க. அழுக்கு அடைச்சிருக்கும்னு எண்ணெய் விட்டுட்டுக் காத்திருக்காதீங்க. சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம்.

கிசார்ட்டின் ஆம்ப்புக்குக் காகிதம் போதுமானதா இருந்தது. காக்ளியாவுக்கு அப்படித் திணிக்க எதுவும் கிடையாது.

உறுமல் வேணும்னா ஆம்ப்பைக் கிளிப் பண்ணுங்க. காதைப் பண்ணாதீங்க.